அனுப்புநர் தவசி

அக்டோபர் 6

இன்று மழை. என் பெயர் தவசி. இதை நானே எழுதினேன்.

அக்டோபர் 7

நேற்று எழுதியது இன்று காலையிலும் அப்படியே இருந்தது. எழுந்ததும் நோட்டைத் திறந்து பார்த்தேன். இரவெல்லாம் பனி வீட்டுக்குள் புகுந்து துணி, விறகு, தீப்பெட்டி எல்லாவற்றையும் நனைத்திருந்தது. எழுத்தை ஒன்றும் செய்யவில்லை.

தினமும் எழுத வேண்டும் என்பது ரெபேக்கா டீச்சரின் உத்தரவு. எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் மாலையில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு எழுதப் படிக்க வகுப்பு எடுக்கிறார். குழந்தைகளின் நாற்காலியில்தான் உட்காருகிறோம். முழங்கால் தாடையில் இடிக்கும். அந்த வயதுக்கே போய்விட்டது போல இருக்கும்.

அக்டோபர் 12

எங்கள் வீட்டு டேப், சிலேட்டு அளவுக்கு ஒரு பெரிய செல்போன். அதில் மூன்று மின்னஞ்சல் முகவரிகள் குடியிருக்கின்றன. இன்று மூன்றையும் படித்துவிட்டேன்.

முதலாவது என் மனைவி பொன்னுத்தாயுடையது. மகள் தேன்மொழி டீச்சர் வேலைக்கு மாலத்தீவு போகும்போது அம்மாவுக்குத் திறந்து கொடுத்தது. பொன்னுத்தாய் ஐந்தாவது வரை படித்தவள். இரண்டாவது, பென்ஷன் தகவல் வருவதற்காக செல்போன் கடைக்காரர் எனக்குத் திறந்தது. பெயர் என்ன போடுவது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. 'தவசி கிங்' என்று போட்டிருக்கிறார். இத்தனை காலம் ராஜாவாக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. மூன்றாவது ரெபேக்கா டீச்சர் போன வாரம் திறந்தது. வெறும் தவசி.

"கிங்கை என்ன செய்யிறது டீச்சர்?"

"இருக்கட்டும் ஐயா. ராஜா வீட்டுக்குப் பென்ஷன் வரட்டும். நீங்க மகளுக்கு எழுதுங்க."

"அடியில பேர் எழுதணுமா?"

"வேணாம். உங்க பேர் தானா போயிரும்."

தானாகப் போகும் என்பது ஆச்சரியமாக இருந்தது. வேலை செய்த காலமெல்லாம் பம்ப் ஹவுஸில் நின்று தண்ணீரை மலைக்கு மேலே தள்ளியவன் நான். தானாக எதுவும் போய்ப் பார்த்ததில்லை.

அக்டோபர் 13

தேன்மொழியின் படத்தைத் தொட்டேன். எழுத இடம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி, விளக்கு வைக்கும் நேரத்தில் முடித்தேன்.

"இங்கே பனி. எதிர் மலை இல்லை. மத்தியானம் வரும்."

தொட்டதும் பறவை கிளம்புவது போல ஒரு சத்தம். போய்விட்டது.

அக்டோபர் 15

பதில் வந்தது!

"அம்மா, எதிர் மலை இல்லையா! இதை இரண்டு தடவை படித்தேன். இங்கே எதிரில் கடல் மட்டும்தான். சில நாள் மழையில் அதுவும் இல்லை. நீ இவ்வளவு அழகாக எழுதுவாய் என்று தெரியாது. இன்னும் எழுது."

அம்மா என்று தொடங்குகிறாள். அவள் அப்படித்தான். போனை நான் எடுத்தாலும் முதல் வார்த்தை "அம்மா எங்க?" என்பதுதான். என்னை வாங்க போங்க என்பவள் 'எழுது' என்கிறாள். எழுத்தில் நெருக்கம் அதிகம் போலும். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பொன்னுத்தாயிடம் காட்டவில்லை. இது எனக்கு வந்தது.

அக்டோபர் 20

நேற்று தேன்மொழிக்கு எழுதினேன்: "குளிர். மப்ளரில் எலி ஓட்டை. காற்று அது வழியாகக் காதுக்குள் வந்து பேசுகிறது."

இன்று காலை கொடியில் புது மப்ளர் தொங்கியது. பச்சை.

"எப்ப வாங்குன?"

"சந்தையில கண்ணுல பட்டுச்சு," என்றாள் பொன்னுத்தாய்.

அக்டோபர் 24

விசித்திரமாக இருக்கிறது. நேற்று "கருவாட்டுக் குழம்பு கனவில் வந்தது, மணம் மட்டும்" என்று எழுதினேன். ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்னதிலிருந்து இந்த வீட்டில் கருவாடு கிடையாது. இன்று மத்தியானம் தட்டில் அதே குழம்பு.

"என்ன பொன்னுத்தாயி, டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு நாளைக்குத்தான. வாயை மூடிக்கிட்டு சாப்பிடுங்க."

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டேன். கரண்டியைக் காட்டினாள்.

எழுதுவது நடக்கிறது. இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே படித்திருப்பேன்.

அக்டோபர் 28

இந்த வாரம் சோதித்துப் பார்த்தேன். "டிவி சத்தத்தில் குருவி சத்தம் கேட்கவில்லை" என்று எழுதினேன். டிவி சத்தம் குறைந்தது. "நாளை வெயில் வர வேண்டும்" என்று எழுதினேன். வெயில் வரவில்லை. வானம் வரைக்கும் எட்டவில்லை போலிருக்கிறது.

பொன்னுத்தாய் அடுப்படியில் போனைப் பார்த்து ஒரேயடியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன என்றேன். சமையல் வீடியோ என்றாள். சமையலில் அவ்வளவு சிரிப்பு இருப்பது தெரியாது.

நவம்பர் 3

தேன்மொழியிடமிருந்து பெரிய மின்னஞ்சல். படித்து முடிக்க ஒரு மத்தியானம் ஆனது. பாதியில் எழுந்துபோய்க் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்தேன்.

லிஜோ என்று ஒருவர், அவள் பள்ளியில் அறிவியல் டீச்சர். கோட்டயம் பக்கம். மனைவி இறந்துவிட்டார். ஒரு பெண் குழந்தை, ஊரில் அவருடைய அப்பாவிடம் வளர்கிறது, ஒன்றாம் வகுப்பு. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறாராம். தேன்மொழிக்கும் விருப்பம். வருட முடிவில் அவரோடு ஊர் திரும்புவதா, தனியாக அங்கேயே இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

கடைசியில் இப்படி இருந்தது: "நீ சரி என்று சொன்னால் எனக்குப் பாதி பயம் போகும். அப்பாவிடம் இப்போது சொல்லாதே. அவர் திட்டினால்கூடத் தாங்குவேன். ஒன்றும் சொல்லாமல் போனை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போவார் பார், அதைத் தாங்க மாட்டேன்."

எழுத்துகளைச் சரியாகத்தான் கூட்டினேனா என்று மறுபடி கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 4

பனி. எதிர் மலை நாள் முழுவதும் வரவில்லை.

பொன்னுத்தாய் டீயில் சர்க்கரை போட மறந்தாள். பிறகு இரண்டு தடவை போட்டாள்.

நவம்பர் 5

ஒரு கனவு. நம் மலைக்கும் எதிர் மலைக்கும் நடுவே கடல் நிரம்பியிருக்கிறது. தேயிலைச் செடிகள் தண்ணீருக்குள் மெதுவாக ஆடுகின்றன. அக்கரையில் ஒரு குழந்தை பள்ளிக்கூடப் பையோடு நிற்கிறது. கூப்பிட வாய் திறக்கிறேன். வாய்க்குள் பனி.

நவம்பர் 8

வகுப்பு முடிந்ததும் டேப்பை டீச்சரிடம் காட்டினேன். மகள் எழுதியதைக் காட்டவில்லை. நான் அனுப்பியதை மட்டும்.

"அய்யய்யோ," என்றார். "எல்லாமே அம்மா பேர்ல போயிருக்கே! மூணு கணக்கு இருந்தா, ஒண்ணு தானா முன்னாடி நிக்கும் ஐயா. நாம எதையும் தொடாட்டி அதுலதான் போகும். அதுக்கு இயல்புநிலைக் கணக்குன்னு பேரு. நான்தான் மாத்த மறந்துட்டேன். இப்பவே மாத்திரவா?"

"இருக்கட்டும் டீச்சர். மழை வருது."

மழை வரவில்லை என்று டீச்சர் வாசலைப் பார்த்துச் சொன்னார். வரும் என்றேன்.

நவம்பர் 9

கோழிக்கூட்டுக்குத் தகரம் மாற்றினேன். மாற்ற நேரம் கிடைக்கவில்லை. கணக்கை.

நவம்பர் 10

அடுப்படிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.

நவம்பர் 11

அவள் இதுவரை எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். "இன்னும் எழுது." "உன் மெயிலுக்காகவே காலையில் சீக்கிரம் எழுகிறேன்." "கருவாடு கனவில் வருமா, சிரித்துச் சிரித்துக் கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன்."

எழுதியது நான்தானே. மப்ளரும் பனியும் கருவாடும் என்னுடையவைதானே. மேலே வேறு பெயர் இருந்தால் என்ன? தண்ணீர் எந்தக் குழாயில் போனாலும் மேலே ஏறுவதுதான் முக்கியம். பம்ப் ஹவுஸில் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

பெயர் மாறினால் அவள் எழுதுவது நின்றுபோகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

நவம்பர் 12

பொன்னுத்தாய் கேட்டாள், "டேப்பத் தொட்டு எத்தனை நாளாச்சு. அதுமேல என்ன கோவம்?"

"கண்ணு வலிக்குது."

"கண்ணு வலிக்கிறவருதான் சுவத்துக்கு வெள்ளையடிச்சாராக்கும்."

நவம்பர் 13

இன்று பதில் எழுதினேன். "சரி. அப்பாவிடம் சொல்ல மாட்டேன். அப்பா கோபப்பட மாட்டார் என்று நினைக்கிறேன்."

எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொன்னுத்தாய் எழுதியது போலவே இருந்தது. விரல் அனுப்பும் இடத்துக்குப் போகவில்லை. மூடி வைத்துவிட்டேன். வரைவு என்ற ஒரு இடத்தில் அது தூங்குமாம்.

நவம்பர் 14

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை டீ குடித்துக்கொண்டிருந்தோம். பொன்னுத்தாய் என்னைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துக் கேட்டாள்:

"நிசமாவே கோவப்பட மாட்டீங்கல்ல?"

"எதுக்கு?"

"இல்ல. சும்மா."

நான் எழுதி அனுப்பாமல் வைத்தது. டேப்புக்குள் தூங்குவது. அது இவள் வாயில் எப்படி வந்தது?

"உன் போனைக் குடு," என்றேன்.

கொடுக்கவில்லை. முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு அவளே திறந்து காட்டினாள். எதிர் மலை இருந்தது. எலி ஓட்டை இருந்தது. கருவாடு இருந்தது. நான் எழுதிய எல்லாமே அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"டேப்பு வேற, போனு வேறன்னு நெனச்சீங்களா? என் கணக்குல எழுதுனா, அனுப்பாம வச்சாலும் என் போன்லயும்தான் தெரியும். மொத நாளே பாத்துட்டேன்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நிறுத்திருப்பீங்க. நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லையே."

மப்ளர், குழம்பு, டிவி. வெயில் மட்டும் ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறது.

பனி வாசல்படி வரை வந்து நின்றது.

"அந்தப் பையன் விஷயம்," என்றாள். "நான் சரின்னு சொல்லிரலாம். அது பாதிதான். மிச்சப் பாதிக்கு அவ உங்களப் பாத்துத்தான் பயப்படுறா."

"எனக்கு என்ன கோவம் இருக்கு? அம்மா இல்லாத ஒரு புள்ள இருக்கு. நம்ம புள்ள போய் நிக்கிறேன்னு சொல்லுது."

"அதை எங்கிட்ட சொல்லி என்ன? அவளுக்கு எழுதுங்க. உங்க பேர்ல."

போன் போட்டுச் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். "நீ சொன்னா அது நீ சொன்னதாயிரும்."

நவம்பர் 17

ரெபேக்கா டீச்சர் சொல்லச் சொல்ல நானே செய்தேன். டேப்பில் அமைப்புகள். அதற்குள் கணக்குகள். அதற்குள் இயல்புநிலைக் கணக்கு. மூன்று பெயர்களும் வந்து நின்றன. கிங் நடுவில் நின்றார். அவரைத் தாண்டிப் போய் 'தவசி'யைத் தொட்டேன். பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் நிரம்பியது.

பொன்னுத்தாயின் போனிலும் என் கணக்கைச் சேர்க்கவா என்று டீச்சர் கேட்டார். பொன்னுத்தாய்க்குச் சேர்க்க ஆசைதான். போனைக் கையில் நீட்டிவிட்டு, என்ன நினைத்தாளோ, திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர். என் போன்ல நானே முன்னாடி நின்னுக்கிறேன். அவுங்க பொட்டி அவுங்களுக்கு."

நவம்பர் 18

அனுப்பினேன்.

"தேன்மொழி, லிஜோ விஷயம் படித்தேன். எனக்குச் சம்மதம். அந்தக் குழந்தையின் பெயர் நீ எழுதவில்லையே. பெயர் என்ன?"

நவம்பர் 19

நாள் முழுவதும் பெட்டி காலி. பெட்டி காலியாக இருந்தாலும் மேலே என் பெயர் எழுதியிருந்தது.

நவம்பர் 20

பதில்.

"அம்மா, ஏன் அப்பா பெயரில் இருந்து அனுப்புகிறாய்? எனக்குத் தைரியம் வரட்டும் என்று நீயே அவர் மாதிரி எழுதுகிறாயா? வேண்டாம் அம்மா. அவர் பெயரில் பொய்யாக ஒரு சம்மதம் எனக்கு வேண்டாம். அதைவிட அவர் பேசாமல் இருப்பதே மேல்."

பொன்னுத்தாயிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "இப்பவாவது போன் போடுறேன்," என்றாள்.

"போட்டு என்ன சொல்லுவ? அப்பாதான் எழுதுனாருன்னா? அதையும் நீயே சொல்லிக் குடுத்தேன்னு நெனப்பா."

இத்தனை நாள் பொன்னுத்தாய் பெயரில் நான் இருந்தேன். அவள் நம்பினாள். இப்போது என் பெயரில் நானே இருக்கிறேன். நம்பவில்லை.

நவம்பர் 21

யாருக்கும் தெரியாத ஒன்றை எழுத வேண்டும். பொன்னுத்தாய்க்கும் தெரியாததாக இருக்க வேண்டும். காலையிலிருந்து யோசித்தேன். அப்படி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எழுத நாள் முழுக்க ஆனது.

"தேன்மொழி, நீ மாலத்தீவு கிளம்பிய அன்று எனக்கு டியூட்டி இல்லை. பம்ப் ஹவுஸ் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தேயிலை லாரியில் ஏறிப் பொள்ளாச்சி வந்தேன். உன் பஸ்ஸுக்கு முன்பே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழ வண்டிக்குப் பின்னால் நின்றேன். பக்கத்தில் வந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. நீ தண்ணீர் பாட்டில் வாங்கினாய். மூடி திறக்கவில்லை. சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகினாய், பல்லால் கடித்தாய். கடைசியில் பூ விற்கிற அம்மாவிடம் கொடுத்தாய். அவர் திறந்து, தானும் ஒரு வாய் குடித்துவிட்டுத் தந்தார். நீ சிரித்தாய். பிறகு கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினாய். அந்த மூடியை நான் திறந்து கொடுத்திருக்கலாம். பஸ் போன பிறகுதான் அது தோன்றியது."

பறவை கிளம்பும் சத்தம். எதிர் மலை இருந்தது.

நவம்பர் 23

ஒன்றுமில்லை. அங்கே புயல் மழையாக இருக்கலாம். சிக்னல் இருக்காது.

நவம்பர் 24

விடியும்போதே வந்திருந்தது. பொன்னுத்தாய் அவள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"படிங்க."

இந்த வீட்டில் இதுவரை எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டியது அவள்தான். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை. முதல் தடவையாக நான் படித்தேன், அவள் கேட்டாள்.

"அப்பா," என்று படித்தேன். அங்கேயே கொஞ்சம் நின்றேன்.

"அடுத்தது என்ன? சீக்கிரம் படிங்க."

"இரு. எழுத்தக் கூட்ட வேணாமா?"

"அப்பா, அந்தப் பாட்டில் விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. எதிர் மலை இல்லை என்று எழுதியதும் நீங்களா? கருவாடும் நீங்களா? இவ்வளவு நாள் உங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன் என்று தெரியாமல் உங்களைப் பற்றி உங்களிடமே ஏதேதோ சொல்லிவிட்டேன். லிஜோவிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வருட முடிவில் ஊருக்கு வந்துவிடுகிறோம். அவர் அப்பா சொல்கிறார், ஜனவரியில் எந்த நாளானாலும் சரி, பெண்ணின் அப்பா சொல்லட்டும் என்று. நீங்கள் ஒரு நாள் சொல்லுங்கள். குழந்தையின் பெயர் ஆன்லியா."

படித்து முடித்தேன். பொன்னுத்தாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொள்ளாச்சி போனத உங்கிட்டயும் சொல்லல," என்றேன்.

"சொல்லணுமா? அன்னிக்குப் போட்டிருந்த சட்டையத் துவைக்கும்போதே பையில பொள்ளாச்சியிலருந்து திரும்புன பஸ் டிக்கெட்டு இருந்துச்சு. பாட்டில்தான் தெரியாது."

நவம்பர் 29

புது வருடக் காலண்டர் வாங்கக் கடைவீதி போனேன். சாமி படம் போட்டது வேண்டுமா, இயற்கைக் காட்சி வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். எழுத்துப் பெரிதாக இருப்பது வேண்டும் என்றேன்.

வீட்டில் ஜனவரித் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பொடி எழுத்தெல்லாம் படிக்க வந்தது. பொன்னுத்தாய் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமையாப் பாருங்க. அந்தப் புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குமில்ல."

அந்தப் பிள்ளை என்று இப்போதே வீட்டுப் பிள்ளை போலச் சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் சாயங்காலம்தான். காலை முழுவதும் நமக்கு. எழுதி அனுப்பினேன்: "ஜனவரி 24. காலையில்."

டிசம்பர் 2

தேன்மொழியிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு கோடு போட்ட தாளைப் படம் பிடித்தது. அதில் பென்சில் எழுத்து, இரண்டு வரி. ஒரு இடத்தில் அழித்து எழுதியதில் தாள் கிழிந்திருந்தது. கீழே தேன்மொழி எழுதியிருந்தாள்: "ஆன்லியா உங்களுக்கு எழுதியது. கல்யாண நாளைச் சொன்னதும் அவளாக உட்கார்ந்து எழுதினாளாம்."

எழுத்தைப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. எல்லாம் வட்டம் வட்டமாக, முறுக்குப் பிழிந்தது போல இருந்தது. மலையாளம்.

பொன்னுத்தாய்க்கும் தெரியவில்லை. "டீக்கடை குரியன்கிட்டப் போங்க, நிமிசத்துல படிச்சுச் சொல்லிருவான்," என்றாள்.

டேப்பையும் நோட்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு பனியில் இறங்கிப் போனேன். பாதை தெரியவில்லை. கால் தானாகப் போயிற்று.

குரியன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அட, சின்னப் புள்ள எழுத்து. கொண்டாங்க தவசியண்ணே, வாசிச்சுச் சொல்றேன்," என்று கை நீட்டினான்.

"வாசிக்காத," என்றேன்.

"பின்ன எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"அந்த மொத எழுத்து மட்டும் என்னன்னு சொல்லு."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு படத்தைப் பார்த்துச் சொன்னான். "அ."

நம் அகரம் போலத்தான் இருந்தது. கொஞ்சம் சாய்ந்து, குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது போல. நோட்டை எடுத்து, கடை பெஞ்சில் வைத்து, அதைப் பார்த்து எழுதினேன். முதல் தடவை சரியாக வரவில்லை. நாலைந்து தடவைக்குப் பிறகு வந்தது.

அடுத்த எழுத்துக்கு நாளை போவேன்.